ரஸ்து காத்தவர்களுக்கும் சரிபங்கு

தியானப் பகுதி: 1 சாமுவேல் 30:1-25



மிஷனெரி கூட்டம் என்றாலே நம்மில் அநேகருக்கு உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்வு. மேடையில் ஊழியர் நின்று, "யார் போவார்?" என்று கேட்கிறார். வாலிபர் சிலர் கண்ணீரோடு முன்னே வருகிறார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்ளுகிறோம். "எனக்கு நாலு பிள்ளைங்க, வயசான மாமியார், காலையில எட்டு மணிக்கு மில்லுக்குப் போகணும். நான் எங்கே போறது?" என்று மனதுக்குள்ளே சொல்லிக்கொண்டு, காணிக்கைப் பையில் ஒரு நோட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதோடு மிஷனெரி ஊழியம் நமக்குச் சம்பந்தமில்லாத காரியமாகிவிடுகிறது. இந்த மாதம் கர்த்தர் அப்படிப்பட்டவர்களோடு பேச விரும்புகிறார்.

சிக்லாகு பட்டணம் எரிந்து கிடக்கிறது. அமலேக்கியர் வந்து மனைவிகளையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாவீதும் அவனோடிருந்த ஜனங்களும் அழுகிறதற்கு இனி பெலனில்லாமற்போகுமட்டும் அழுதார்கள். பின்பு தாவீது கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டு, அவரிடத்தில் விசாரித்து, அறுநூறு பேரோடு துரத்திப் போனான். பேசோர் ஆற்றண்டை வந்தபோது இருநூறு பேருக்குக் கால் எழும்பவில்லை. மிகவும் விடாய்த்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். நானூறு பேர் மாத்திரம் ஆற்றைக் கடந்து போய், யுத்தம்பண்ணி, எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

திரும்பி வந்தபோதுதான் பிரச்சினை. போனவர்களில் சிலர் சொல்லுகிறார்கள்: இவர்கள் எங்களோடே வரவில்லை, ஆகவே பெண்சாதி பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும், கொள்ளையில் ஒன்றும் கொடுக்கமாட்டோம் என்று. வேதம் அவர்களைப் பொல்லாதவர்கள் என்றே எழுதுகிறது. தாவீது என்ன சொன்னான்? இது கர்த்தர் நமக்குத் தந்தது, நீங்கள் சம்பாதித்ததல்ல என்று முதலாவது நினைப்பூட்டினான். பிறகு, யுத்தத்திற்குப் போனவனுக்கு எவ்வளவோ, ரஸ்துகளண்டையில் இருந்தவனுக்கும் அவ்வளவே என்று தீர்ப்புச் சொன்னான். அன்று முதல் அது இஸ்ரவேலிலே பிரமாணமாயிற்று.

ரஸ்து என்றால் என்ன? மூட்டை முடிச்சு, சாப்பாட்டுச் சாமான், போர்வை, தண்ணீர்த் துருத்தி. அதைச் சுமந்துகொண்டு ஓடினால் சத்துருவைப் பிடிக்கமுடியாது. யாராவது இங்கே இருந்து அதைக் காத்தால்தான் அங்கே போகிறவன் இலகுவாய் ஓடுவான். அந்த இருநூறு பேருடைய மனைவி பிள்ளைகளும் சிறைப்பட்டுத்தான் போனார்கள் என்பதை மறக்கவேண்டாம். அவர்கள் விடாய்த்தவர்கள், அக்கறையற்றவர்கள் அல்ல.

தேவபிள்ளையே, உன் கையில் இருக்கிற தமிழ் வேதாகமத்தைக் கொஞ்சம் பார். அது உன்னிடத்தில் எப்படி வந்தது? 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். டென்மார்க்கு ராஜாவாகிய நான்காம் பிரெடெரிக் அவர்களை அனுப்பினார். சீகன்பால்கு தமிழைக் கற்று, 1711-க்குள் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். ஆனால் அச்சிட வேண்டுமே! அச்சு இயந்திரம் வேண்டும், காகிதம் வேண்டும், தமிழ் எழுத்துகள் வேண்டும். தரங்கம்பாடியில் அதொன்றும் இல்லை.

லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. சங்கத்தார் ஓர் அச்சு இயந்திரத்தைக் கப்பலில் அனுப்பினார்கள். அது 1712-இல் வந்து சேர்ந்தது. ஆனால் அதை ஓட்டத்தெரிந்த அச்சுக்காரர் வழியிலேயே மரித்துப்போனார். அவர் தரங்கம்பாடியின் மண்ணை மிதிக்கவேயில்லை. ஜெர்மனி தேசத்திலே ஹாலே என்கிற ஊரில் இருந்த விசுவாசிகள், தங்களுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத தமிழ் மொழிக்கு, இங்கிருந்து போன மாதிரி எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து ஈய எழுத்துகள் வார்த்து அனுப்பினார்கள். "அ" எது, "ஆ" எது என்று தெரியாத கைகள் அவற்றைச் செதுக்கின! வந்த எழுத்துகளோ அளவில் பெரியவை. காகிதமோ கொஞ்சம். ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கவேண்டியதாயிற்று. அதற்கு ஈயம்? லண்டன் நண்பர்கள் மிஷனெரிகள் சாப்பிடும்படி அனுப்பியிருந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று சரித்திரம் சொல்லுகிறது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நாலே வருஷத்தில், 1719-இல், சீகன்பால்கு தமது 36-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

யோசித்துப் பாருங்கள். சீகன்பால்குவின் பெயர் நமக்குத் தெரியும். அந்தச் சீஸை டப்பாவில் அடைத்தது யார்? தெரியாது. ஹாலேயில் கண் வலிக்க எழுத்துச் செதுக்கினவர்கள் தமிழிலே ஒரு ஜெபத்தைக்கூடக் கேட்டிருப்பார்களா? பரலோகத்தில் தமிழ்ச் சபை நின்று ஆட்டுக்குட்டியானவரைத் துதிக்கும்போது அவர்களுக்கும் சரிபங்கு உண்டு. அல்லேலூயா!

இந்தச் சட்டம் புதிய ஏற்பாட்டிலும் நடக்கிறது. அப்போஸ்தலனாகிய பவுல் துரோவாவிலே தன் மேலங்கியையும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் ஒருவர் வீட்டில் விட்டு வந்தார். அவர் பெயர் கார்ப்பு (2 தீமோத்தேயு 4:13). வேதத்தில் அவரைப் பற்றி வேறு ஒரு வரியும் இல்லை. அவர் பிரசங்கித்தாரா, பிசாசுகளைத் துரத்தினாரா, ஒன்றும் எழுதப்படவில்லை. ஊழியக்காரனுடைய சாமானைப் பத்திரமாய் வைத்திருந்தார். அவ்வளவுதான்! ஆனால் சிறையிலே மாரிகாலக் குளிர் வரப்போகிறது என்றபோது பவுலுக்கு அந்த வீடு ஞாபகம் வருகிறது. பிலிப்பி சபையாரும் பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோது ஒருதரம், இரண்டுதரம் என்று அனுப்பினார்கள் (பிலிப்பியர் 4:16). பிற்பாடு அவர்களுடைய காணிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்த எப்பாப்பிரோதீத்து வியாதியாய் மரணத்துக்குச் சமீபமாய்ப் போனார். ரஸ்து காக்கிற வேலையிலும் உயிர் பணயம் உண்டு என்று பாருங்கள்.

"பாஸ்டர், எங்கிட்ட ஒண்ணும் இல்லையே" என்கிறாயா? 1910-ஆம் ஆண்டிலே மிசோராம் மலைகளில் இருந்த ஏழைச் சபைகள் ஒரு காரியம் ஆரம்பித்தன. அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம், தாய்மார் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் கர்த்தருக்கென்று தனியே வைத்தார்கள். சபைப் பெண்கள் வீடுவீடாய்ப் போய் அதைச் சேர்த்து, விற்று, ஊழியத்துக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையிலும் பிடி அரிசிக் காணிக்கை நமக்குப் புதிதல்ல. கணக்குப் போட்டுப் பாருங்களேன். ஒரு பிடி அரிசி ஏறக்குறைய 50 கிராம். காலையும் மாலையும் வைத்தால் மாதம் 3 கிலோ. நாற்பது குடும்பம் சேர்ந்தால் 120 கிலோ! யாருடைய வீட்டிலும் ஒருவர்கூடப் பட்டினி இருக்கவில்லை. ஆனால் உலை கொதிக்கிற ஒவ்வொரு வேளையும் அந்தத் தாய் ஒரு மிஷனெரியை நினைத்தாள். பணத்தைவிட அந்த நினைவு பெரிது.

இன்று நம்முடைய ரஸ்து எது? மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, போனவர் விட்டுப்போன வீடு. நம் ஊரிலிருந்து ஒரு தம்பி வடக்கே போய் ஊழியம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தகப்பனாருக்குச் சர்க்கரை வியாதி. தாயாருக்குக் கண் தெரியவில்லை. யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறது? தாயார் தவறிவிட்டார் என்று போன் வந்து, அவர் ரயிலேறி மூன்றாம் நாள் வந்து இறங்கும்போது அடக்கம் முடிந்திருக்கும். கல்லறையில் நின்று அழுவார். அந்த நேரத்தில் அவர் காதில், "தம்பி, அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நாங்க கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம்" என்று ஒரு சகோதரி சொன்னால், அவர் அழுதுகொண்டே திரும்பவும் பணித்தளத்துக்குப் போவார். சொல்ல ஆளில்லாவிட்டால்? சத்துரு அங்கேதான் அவரைப் பிடிப்பான். ஆட்டோ ஓட்டுகிற சகோதரனே, அந்த வயதான தகப்பனாரை மாதம் ஒருமுறை மருத்துவரிடம் கொண்டுபோய் விடுவது மிஷனெரி ஊழியம்.

இரண்டாவது, உன் கைத்தொழில். தையல் தெரிந்த சகோதரி, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்குமுன்னே மிஷனெரி பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கிற அந்தப் பிள்ளைகளை விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு அழைக்கலாம். வங்கியில், அலுவலகத்தில் வேலைசெய்கிறவர்கள் அவர்களுடைய கணக்கு வழக்கு, விண்ணப்பத் தாள்களைப் பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் ஒரு எச்சரிப்பு: கிழிந்த சேலை, கழுத்துப் பிய்ந்த சட்டை, காலாவதியான மாத்திரை, இவற்றை மூட்டை கட்டி "மிஷன் ஃபீல்டுக்கு" என்று எழுதாதிருங்கள். மல்கியாவின் நாட்களில் கர்த்தர் ஊனமான ஆட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. நீ உன் மருமகனுக்குக் கொடுக்க வெட்கப்படுகிறதை ஊழியக்காரனுக்கு அனுப்பாதே.

மூன்றாவது, உன் முழங்கால். வில்லியம் கேரி ஐயர் 1793-இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய சகோதரி மேரி திமிர்வாத நோயினால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அந்தப் படுக்கையிலிருந்தே அண்ணனுக்காகவும் ஊழியத்துக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தார். கேரி ஐயர் சீராம்பூரில் மொழிபெயர்த்த வேதாகமங்களுக்குப் பின்னால் அந்தக் கட்டிலும் உண்டு. வியாதிப்படுக்கையில் இருக்கிற அம்மாவே, ஐயாவே, "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சொல்லாதிருங்கள். நீங்கள் ரஸ்துகளண்டையில் இருக்கிறீர்கள்.

இன்று மிஷனெரியின் ஜெபக்குறிப்பு கைபேசியில் வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? கூப்பின கை படம் ஒன்றைத் தட்டி, "ஆமென்" என்று போட்டுவிட்டு, அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறோம். அங்கே ஒரு பிள்ளைக்கு மலேரியா காய்ச்சல். இங்கே நாம் ஜெபித்ததாக ஒரு பொய்ச்சாட்சி! வேண்டாம். பத்துப் பேருக்கு ஆமென் போடுகிறதைவிட ஒருவருக்காக ஐந்து நிமிஷம் முழங்காலில் நில். அவர்களுடைய அனுமதி இல்லாமல் அவர்கள் பெயரையும் இடத்தையும் படத்தையும் பத்துக் குழுவுக்கு அனுப்பி, ஆபத்தை வருவிக்கவும் வேண்டாம்.

இன்னும் ஒரு வார்த்தை. "மிஷனெரிக்குக் கொடுத்தேன், என் வீட்டுக்கடன் தீரும்" என்று பேரம் பேசிக் கொடுக்கிறவர்கள் உண்டு. கர்த்தர் ஆசீர்வதிக்கிறவர்தான், சந்தேகமில்லை. ஆனால் பவுல் பிலிப்பியரிடத்தில் தேடினது அவர்கள் கணக்குக்குப் பெருகுகிற பலனையே (பிலிப்பியர் 4:17). அந்தக் கணக்குப் புஸ்தகம் பரலோகத்தில் இருக்கிறது. கல்வெட்டில் பெயர் வராவிட்டாலும் அதில் வரும்.

நாம் எழுப்புதலுக்காக ஜெபிக்கிறோம். நல்லது. அந்தியோகியா சபையில் ஆவியானவர் பலமாய் அசைவாடினபோது என்ன நடந்தது? உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து, இருவரை அனுப்பினார்கள் (அப்போஸ்தலர் 13:1-3). அனுப்பினவர்கள் கதவை மூடிக்கொள்ளவில்லை. பவுலும் பர்னபாவும் திரும்பி வந்து, தேவன் செய்ததையெல்லாம் அறிவிக்கும்போது கேட்கச் சபை கூடியிருந்தது (அப்போஸ்தலர் 14:26-28). அபிஷேகம் பெற்ற சபைக்கு அடையாளம் அதுவும்தான்.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரத்திலேயே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு மிஷனெரி குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுடைய பெயரைக் கேட்டு எழுதி, அரிசிப் பானை மூடியின்மேல் ஒட்டி வையுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லி ஒரு ஜெபம் செய்யுங்கள். தாவீதின் குமாரனாகிய நம்முடைய ராஜா வெற்றியோடே திரும்பி வருகிற நாள் சமீபம். பேசோர் ஆற்றண்டையிலே விடாய்த்திருந்தவர்களைத் தாவீது முதலாவது சுகம் விசாரித்தான். நம்முடைய ராஜாவும் உன்னை விசாரிப்பார். அப்பொழுது ரஸ்து பத்திரமாய் இருக்கட்டும்.

ஜெபம்: எங்கள் அன்பின் பரலோகத் தகப்பனே, எங்களுக்கு இரட்சிப்பின் செய்தி வரும்படி பெயர் தெரியாத எத்தனையோ பேரை எழுப்பினீரே, ஸ்தோத்திரம். போனவர்களை மறந்துவிடாதபடி எங்கள் சமையலறைகளையும் தையல் இயந்திரங்களையும் வண்டிகளையும் படுக்கைகளையும் உமக்கென்று பிரதிஷ்டை செய்கிறோம். பணித்தளத்தில் சோர்ந்திருக்கிற உம்முடைய தாசரை இந்த நேரமே திடப்படுத்தும். உம்முடைய வருகையில் அவர்களோடுகூட எங்களுக்கும் பங்கு தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

மாரநாதா!