விரதமும் குடிநோயர் கூட்டமும்

குடியை விடத் தெய்வத்தின் முன் சத்தியம் செய்வது தமிழ்நாட்டின் பழைய வழி. குடியை விட்டவர்களோடு வாரந்தோறும் உட்கார்ந்து பேசுவது அண்மைக் காலத்து வழி. முதலாவது இருக்க இரண்டாவது எதற்கு என்று பக்தர் கேட்கிறார். கடவுள் பெயரைச் சொல்லும் கூட்டத்தில் தனக்கென்ன வேலை என்று நாத்திகர் கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி, பூண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் மேல்வலிக்கு மருந்தென்று தொடங்கும் குடி, சில ஆண்டுகளில் விடிந்ததும் கை நடுங்கும் நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது. குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பாதை தேனி, கம்பம் பள்ளத்தாக்கினூடே செல்வதால், கார்த்திகை பிறந்தால் இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு மாலை போட்ட சாமிகளைப் பார்க்கலாம். தினமும் குடித்தவர்களில் பலர் விரதத்தின் 41 நாளும் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய வாரத்திலேயே மறுபடி கடைக்குப் போகிறவர்களும் அவர்களுக்குள் உண்டு.

இதைப் போலி பக்தி என்று தள்ளுவது அநியாயம். விரத நாளில் ஒருவர் தனியாக இருப்பதில்லை. வழிநடத்தக் குருசாமி இருக்கிறார்; விடியலில் குளியல், மாலையில் பஜனை, கூடவே மாலை போட்ட பத்துப் பேர். நேற்றுவரை ‘குடிகாரப் பயல்’ என்று ஏசிய வாயே ‘சாமி’ என்று கூப்பிடுகிறது. மாலையோடு இந்தத் துணையும் மரியாதையும் சேர்ந்தே கழன்றுவிடுகின்றன. தெய்வம் கைவிட்டது என்பதைவிட, கூட்டம் கலைந்தது என்பதே நடந்ததற்குப் பொருத்தமான விளக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம், பிதற்றலாம். அதைச் சாமி வந்ததாகவோ பேய் பிடித்ததாகவோ எண்ணி வீட்டில் வைத்திருப்பது உயிருக்கு ஆபத்து. மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன வாராந்தரக் கூட்டத்தை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. அமைப்பு 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயர்களின் சந்திப்பில் பிறந்தது. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. தொடக்கத்தில் அதன் அடித்தளம் கிறித்தவ இயக்கம் ஒன்றின் பழக்கங்கள்தாம். ஆனால் குடியிலிருந்து மீளும் வழியாக அது வகுத்த பன்னிரண்டு படிகளை எழுதும்போது நியூயார்க் குழுவிலிருந்த நாத்திகர்கள் விடாமல் வாதாடினர். அதன் விளைவாகவே, அவரவர் அறிந்துகொண்ட வகையில் கடவுள் என்ற பொருளில் வாசகம் மாறியது. ஐயப்பனோ, வீரபாண்டி கௌமாரியம்மனோ, இயேசுவோ, அல்லாவோ யாரும் அந்த இடத்தில் இருக்கலாம். நம்பாதவர்கள் தம்மைவிடப் பெரிய சக்தியாக அந்தக் குழுவையே கொள்வதுண்டு. ஆனாலும் படிகளில் கடவுள் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பகுத்தறிவாளர் ஒருவருக்கு அது உறுத்தினால், அந்த உறுத்தல் நியாயமானதே. அதற்காக அவர் வாசலோடு திரும்ப வேண்டியதில்லை. சேருவதற்கு ஏ.ஏ. கேட்கும் ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம்.

குடியை எதிர்க்கக் கடவுள் துணை கட்டாயம் என்று தமிழ் மரபும் சொன்னதில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் பெரியாரும், பின்னர் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்நின்றார்கள். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் பத்துப் பாட்டிலும் தெய்வத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. அதன் கடைசிக் குறள், தெளிந்திருக்கும் நேரத்தில் இன்னொரு குடிகாரரைப் பார்ப்பவர் தன் நிலையை எண்ண மாட்டாரா என்று கேட்கிறது. ஏ.ஏ. கூட்டத்தில் நடப்பது ஏறக்குறைய அதுவே.

பெரும்பாலும் தேவாலய அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ நாற்காலிகளைப் போட்டு உட்காருகிறார்கள். தேவாலய இடம் என்பதால் மதம் மாற்றும் வேலை என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது இடவசதியைத் தவிர வேறில்லை. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்கிறார். பிள்ளையின் பள்ளிப் பணத்தைக் குடித்ததையோ, மனைவியின் தாலியை அடகு வைத்ததையோ சொல்லும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. அடுத்தவர் எழுந்து தன் கதையைச் சொல்கிறார். பிறகு தேநீர். கட்டணம் கிடையாது, விரும்பியவர் காசு போடுவார். ஆயுள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று அங்கே யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் போதும். நாளை வழுக்கினாலும் சாமி குத்தம் என்று ஒளிய வேண்டியதில்லை. மறுநாளே திரும்பி வரலாம். வேண்டுதலுக்கும் கூட்டத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் இடம்பெற்ற 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. முறைப்படி ஏ.ஏ. பக்கம் ஆற்றுப்படுத்தப்பட்டவர்கள் குடியை அறவே விட்டிருப்பதில் மற்ற சிகிச்சை முறைகளைவிட மேலான பலன் கண்டதாக அது முடிவு கூறியது.

வருவோர் பெயரை வெளியே சொல்லாதிருப்பது ஏ.ஏ.யின் நெறி என்றாலும், எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் அதைக் காப்பது கடினம். உள்ளூரில் கூச்சப்படுபவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போகலாம். கூட்டம் நடக்கும் இடத்தை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மாலை போட்டிருப்பவர் அதைக் கழற்றும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். விரதம் இருக்கும்போதே முதல் கூட்டத்துக்குப் போய்வருவது நல்லது.