சந்தனம் மூடிய துளை

காரணமின்றிக் காரியமில்லை என்பதை நம் நாட்டில் மறுப்பவர் மிகச் சிலரே; ஆயினும் பிரசங்க மேடையின் முன்னிருந்து அந்தச் சித்தாந்தத்துக்குத் தலையசைக்கிற அதே மனம், வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டி ஓட மறுத்து, பழுது இன்ன இடத்தில் என்று பிடிபடாமல் நாலைந்து வாரம் அலைக்கழித்துவிட்டால், கையிலுள்ள ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "எல்லாம் என் தலையெழுத்து" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறது. அப்படி உட்கார்வது பக்தியா, அல்லது பக்தியின் பெயரால் செய்யும் சோம்பலா என்பதே என்னுடைய கேள்வி. நானும் ஒருமுறை அவ்வாறு உட்கார்ந்திருக்கிறேன்; ஆதலால் இதைப் பிறர் குறையாகச் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. ஒற்றைச் சிலிண்டர், பாயிண்ட், கண்டென்சர், கார்புரேட்டர் என்று கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுச் சரிசெய்யக்கூடிய அங்கங்களே உடையதாதலால் அதன் வைத்தியத்தைப் பெரும்பாலும் நானே வீட்டில் பார்த்துக்கொள்வேன். ஓர் ஐப்பசி மாதத்தில் அது புதிய நோயொன்றைக் கொண்டது. காலையில் ஒரே மிதியில் உயிர்பெற்று, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் நன்றாகவே ஓடி, பசுபதிகோவிலை நெருங்கும்போது எண்ணெய் வற்றிய விளக்கைப்போலச் சிறிது சிறிதாக வலியிழந்து, இரண்டு முறை தும்மி நின்றுவிடும். நான் டேங்கின் மூடியைத் திறந்து பெட்ரோல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, மூடியைத் திருகிவிட்டு, புளியமரத்தடியில் இருபது நிமிஷம் காத்திருப்பேன். பிறகு உதைத்தால் ஒன்றுமே நடவாததுபோல் வண்டி கிளம்பும்.

ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றி ஜெட்டை ஊதினேன். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு அளந்து வைத்தேன், கண்டென்சரையும் மாற்றினேன். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் தெருவைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, குணமாயிற்று என்று மகிழ்ந்து படுத்தேன். மறுநாள் அதே சாலையில், ஏறக்குறைய அதே இடத்தில், வண்டி நின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் காகதாலீய நியாயம் என்று வடநூலார் வழங்குவர். நான் செய்த ஒவ்வொரு சிகிச்சையும் அந்தக் காக்கையே. வண்டி அந்த மூன்று கிலோமீட்டர் ஓடியது, தொட்டாலும் தொடாவிட்டாலும் அது ஓடக்கூடிய தூரந்தானே தவிர, என் வைத்தியத்தின் பலனன்று.

இதைவிட ஆழமான பிழை ஒன்று என் அனுமானத்திலேயே இருந்தது. எஞ்சின் சூடேறிய பின்னரே நிற்கிறது, ஆறிய பின் கிளம்புகிறது. ஆகவே சூடுதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன். இத்தகைய பிழைக்கு இடமாகும் மறைந்த நிபந்தனைக்குத் தர்க்க நூலார் உபாதி என்று பெயரிட்டு, அழகான ஓர் உதாரணமும் சொல்லுவர். புகையுள்ள இடத்தில் தீ உண்டு என்பது சரி. தீயுள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்பது தவறு, ஏனெனில் புகையை உண்டாக்குவது தீ மட்டுமன்று, அதனோடு சேர்ந்த ஈரவிறகு. பழுக்கக் காய்ந்த இரும்பில் தீ உண்டு, புகை இல்லை. சூட்டோடு கூடவே வேறொன்றும் வளர்ந்துகொண்டு வந்திருக்கலாம் என்று எண்ணி எனது ஈரவிறகைத் தேடாமல், தீயையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்நிலையில்தான் வீட்டில் பேச்சு வேறு திசையில் திரும்பிற்று. "கண் பட்டிருக்கிறது, ஓர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுங்களேன்" என்றாள் என் மனைவி. நானும் விதி என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். அந்தச் சொல் வாயில் வந்த இரவுதான் அது என்னை உறுத்திற்று. வினைக்கொள்கை என்பது என்ன? விதைத்தது எதுவோ அதுவே விளையும், விளைந்த ஒவ்வொன்றுக்கும் விதை உண்டு என்னும் நியதியை மனிதனுடைய நடத்தைக்கும் நீட்டிய கொள்கையே அது. அப்படியானால் அதை நம்புகிறவன் காரணத்தைத் தேடுவதில் மற்றவரைவிட ஊக்கமுள்ளவனாக அல்லவா இருக்க வேண்டும்? தேடாமலே விதி என்பவன், காரணம் தெரியாததைக் காரணமில்லாததாக ஆக்கிவிடுகிறான். அது வினைக்கொள்கையன்று, யதிருச்சாவாதம், அதாவது எல்லாம் தற்செயல் என்னும் வாதம். காலமா, சுபாவமா, நியதியா, யதிருச்சையா இவ்வுலகுக்குக் காரணம் என்று சுவேதாசுவதர உபநிஷத்து தன் தொடக்கத்திலேயே கேள்வி எழுப்பி, அவற்றில் எதனோடும் நின்றுவிடாமல் மேலே செல்லுகிறது. கேள்வி கேட்பதைத் தெய்வத்துக்கு மாறான செயலாக அந்த ரிஷிகள் கருதவில்லை. நம்முடைய அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரில் பொருளை நிறுவப் புகுமுன் அறிவுக்குக் கருவியான அளவைகளை எடுத்துக்கொண்டு, பிறர் கூறும் பத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிக் காட்டுகிறார். ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை வகுத்த திருவள்ளுவரே ஆள்வினையுடைமைக்கு 62ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். இரண்டில் ஒன்றை மட்டும் படிப்பவர்கள் அவருக்கு நியாயம் செய்யவில்லை.

காண்டலும் கருதலும் என்னளவில் தோற்றிருந்தன, உரை எஞ்சியிருந்தது. எங்கள் தெருக்கோடியில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நான் நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கியதும், அவர் கையமர்த்தி, "ஐயா, வண்டி நின்ற பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இருக்கட்டும், நிற்பதற்கு முன்னால் அது என்ன செய்தது என்று சொல்லுங்கள்" என்றார். இழுவை குறைந்து குறைந்து நிற்கிறது என்றேன். "கரண்டு போனால் விளக்கு அணைகிற மாதிரி பட்டென்று நிற்கும். இப்படி ஏங்கி ஏங்கி நின்றால் அது பெட்ரோல் பசி" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நம்பத்தக்கவர் உரைக்கும் ஆப்த வாக்கியம் என்றால் இதுதான்.

மறுநாள் வண்டி நின்றதும் மூடியைத் திறக்காமல், முதலில் பிளக்கைக் கழற்றினேன், உலர்ந்து வெளிறியிருந்தது. கார்புரேட்டருக்கு வரும் குழாயை உருவினேன். முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தும், சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்தது. அப்பொழுது டேங்கின் மூடியைத் தளர்த்தினேன். உஸ்ஸென்று மிக மெல்லிய ஒலியுடன் காற்று உள்ளே போயிற்று. அந்தக் கணமே குழாயில் பெட்ரோல் நூல்போல இறங்கிற்று.

அத்தனை வாரமும் சாலையின் இரைச்சலில் அந்த ஒலி என் செவிக்கு எட்டவில்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று புகவேண்டும். அதற்கென மூடியில் ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. அது பெரும்பங்கு அடைந்திருந்ததால் உள்ளே அழுத்தம் குறைந்து, பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது. நானோ ஒவ்வொரு முறையும் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து, என் சோதனையாலேயே சாட்சியத்தை அழித்துவிட்டு, பிறகு காத்திருந்த இருபது நிமிஷத்துக்குப் பெருமை கொடுத்திருக்கிறேன். நான் தேடியதெல்லாம் தேய்ந்தது, உடைந்தது, படிந்தது என்னும் ஏதேனும் ஒரு பொருளை; காரணமாக நின்றதோ ஓர் இன்மை, வரவேண்டிய காற்று வாராமை. இன்மையாகிய அபாவத்தை நம் முன்னோர் ஏன் அவ்வளவு கவனமாக விவாதித்தார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

துளையைத் தையலூசியால் குத்தித் திறந்து, நிறுத்தாமல் கும்பகோணம் வரை நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். அத்துடன் விட்டால் மறுபடியும் காக்கையின் கதையாகிவிடுமே என்று, மறுநாள் அதே துளையை மெழுகால் நானே அடைத்து ஓட்டினேன். நான்கு கிலோமீட்டருக்குள் வண்டி நின்றது. மெழுகை எடுத்தேன்; ஓடியது. உள்ளபோது உண்டாதல் அன்வயம், இல்லாதபோது இல்லையாதல் வியதிரேகம். பழுதை வேண்டுமென்றே திரும்ப வரவழைத்துப் பார்த்தவனுக்குத்தான் அது நீங்கிற்று என்று சொல்லும் உரிமை உண்டென்று நான் நினைக்கிறேன். தானே வந்து தானே போன நோயைக் குணமாயிற்று என்பது நம்முடைய ஆசையே தவிர அறிவன்று.

துளையை அடைத்திருந்தது என்ன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஊசிமுனையில் ஒட்டி வந்தது காய்ந்த சந்தனம். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, விளக்குக்கும் கைப்பிடிக்கும் மூடிக்கும் நானே சந்தனமும் குங்குமமும் இட்டேன். பிரசாதம்போல இருக்கட்டும் என்று துடைக்காமலும் விட்டேன். பழுது தோன்றியது அதற்கு அடுத்த வாரம். என் பூஜை தவறென்று இதனால் யாரும் கொள்ள வேண்டாம். கருவிக்குள் உறையும் சக்தியை வணங்குகிற அந்த வழக்கத்தை நான் மேலானதென்றே மதிக்கிறேன். வணங்கப்படும் பொருளை அறியாமல் வணங்கியதே என் பிழை. அந்த மூடியில் துளை இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

இவ்வாண்டும் ஆயுத பூஜையன்று அந்த மூடிக்குச் சந்தனம் இட்டேன். துளையை விட்டு, ஓரத்தில்.