பத்து லட்சத்தில் ஒருவர்

ஸ்கூடாயில் என் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் அந்தத் தடுப்பூசி கையிருப்பில் இல்லை. டாக்டர் போன் பண்ணி வரவழைத்து, மறுநாள் வரச் சொன்னார். போட்டுக்கொண்டு வெளியே வந்து பில்லைப் பார்த்தேன். இருநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். கம்பெனி திருப்பித் தந்துவிடும் என்பதால் அது பெரிதாகப் படவில்லை. சரவாக்கில், பிந்துலுவுக்கு வெளியே எழும்பிக்கொண்டிருந்த ஓர் ஆலையின் கமிஷனிங் வேலைக்கு என்னை மூன்று வாரம் அனுப்பினார்கள். அங்கே ஜப்பானிய மூளையழற்சி உண்டு, சுருக்கமாக ஜே.இ. அதனால் பயணம் போகும் அலுவலர்கள் அனைவருக்கும் ஊசி. எச்.ஆர். அனுப்பிய பட்டியலில் என் பெயர் நான்காவது.

பெயரில்தான் ஜப்பான். இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூர் பக்கம். வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இதைக் கொண்டுபோகிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் பெருகுகிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை வீங்கும். ஆனால் அந்த ஒருவர் இறப்பதற்கு நூற்றுக்கு முப்பது வரை வாய்ப்பு உண்டு. பிழைத்தவர்களிலும் பலர் பழைய ஆளாகத் திரும்புவதில்லை. வலிப்பு, பேச்சுக் குழறல், வராத கை. இதற்கென்று தனி மருந்து இன்றுவரை இல்லை.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். மனித உடலில் இந்த வைரஸ் கொசுவுக்குத் திரும்பப் போகிற அளவுக்குப் பெருகுவதில்லை. நம்மைக் கடித்த கொசு நம்மிடமிருந்து எதையும் எடுத்துப் போகாது. வைரஸுக்கு மனிதன் ஒரு முட்டுச்சந்து. அப்படியென்றால் நான் போட்டுக்கொண்ட ஊசி என்னைத் தவிர இந்த உலகத்தில் ஒருத்தரையும் காப்பாற்றாது. கோவிட் காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்களிடம் என்ன சொல்லி ஊசி போட அழைத்துப் போனோம்? "உங்களுக்காக இல்லை, பேரப் பிள்ளைகளுக்காகப் போட்டுக்குங்க." நானே பாட்டியிடம் அப்படித்தான் சொன்னேன். தடுப்பூசி என்றாலே அடுத்தவனுக்குச் செய்யும் கடமை என்று நாம் பழகிவிட்டோம். ஜே.இ. ஊசிக்கு அந்த நியாயம் பொருந்தாது. அது ஹெல்மெட் மாதிரி. போட்டவன் தலைக்கு மட்டும்.

தனக்கு மட்டும் ஆகிற ஒரு நன்மையை, பக்கத்தில் இருப்பவனுக்கு அது இல்லாதபோது எடுத்துக்கொள்ளலாமா? டெரக் பார்ஃபிட் சமத்துவத்தைப் பற்றி 1991இல் ஆற்றிய உரையில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு வாதம் உண்டு. எல்லாருக்கும் கிடைக்காதது யாருக்கும் வேண்டாம் என்று இருப்பவர்களைக் கீழே இறக்கிச் சமன் செய்தால், அதனால் ஒருவருக்கும் நன்மை இல்லை என்றால் அந்தச் சமத்துவத்தில் என்ன நல்லது இருக்கிறது என்று கேட்கும் வாதம். நான் ஊசியை மறுத்திருந்தால் யாருடைய கைக்கும் அது போயிருக்காது. கிளினிக் ஃப்ரிட்ஜில் இன்னொரு குப்பி மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே போட்டுக்கொண்டதில் எனக்கு இன்றும் குற்ற உணர்ச்சி இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஏனென்றால் தப்பு நடந்தது அங்கே இல்லை.

சைட்டுக்குப் போன மூன்றாம் நாள் இரவு. கொங்சியில் சாப்பாட்டு நேரம். ஸ்கஃபோல்டிங் போடும் அண்ணன் ஒருவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கூலாய்க்காரர், ஐம்பது தாண்டியவர். வந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றார். ஜொகூர் ஆள் என்று தெரிந்ததும் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் ஊர்ப்பேச்சு. என் கழுத்துப் பட்டையில் வேலை அட்டையோடு தடுப்பூசி அட்டையும் தொங்கியது. அதைப் பார்த்துக் கேட்டார்:

"இது என்ன தம்பி?"

சொன்னேன்.

"எங்களுக்கு இது இல்லையா?"

அவர் காண்ட்ராக்டர் ஆள். காண்ட்ராக்டருக்குக் கீழே இன்னொரு சப்காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே இவர். இதையெல்லாம் விளக்காமல் நான் சொன்னது: "பத்து லட்சத்துல ஒருத்தருக்குத்தாண்ணே வரும். பயப்படாதீங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார், "அப்புறம் நீங்க ஏன் போட்டீங்க?"

சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, கோபமில்லாமல், "இந்தப் பத்து லட்சம் கணக்கு எங்கேருந்து வந்துச்சு தம்பி?" என்றார்.

எனக்குத் தெரியாது. எங்கோ படித்தது. அன்று ராத்திரி அறைக்குப் போய்த் தேடினேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்வதுதான் அது: நோய் இல்லாத நாடுகளிலிருந்து ஆசியாவுக்கு வரும் பயணிகளில் பத்து லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. பாங்காக்கில் ஷாப்பிங் பண்ணுபவரும், பாலி கடற்கரையில் ஒரு வாரம் படுத்திருப்பவரும் சேர்ந்த கணக்கு. அதே மையம் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறது. கிராமப்புறத்தில் நீண்ட காலம் தங்குபவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. எதிர்ப்பு சக்தி இல்லாத உள்ளூர்வாசிக்கு இருக்கிற ஆபத்துதான் அவருக்கும். தடுப்பூசியையும் அவர்கள் பரிந்துரைப்பது முக்கியமாக ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குபவர்களுக்கு. குறுகிய பயணம் என்றால் போகிற இடத்தையும் செய்கிற வேலையையும் பார்த்து யோசிக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு மூன்று வாரம், ஏசி அறை, ஜன்னலில் வலை. அவருக்குப் பதினோரு மாதம், பலகைச் சுவர் கொங்சி, பின்னால் தேங்கிய தண்ணீர், அதைத் தாண்டி வயலும் பன்றி வளர்க்கிற வீடுகளும். ஊசி யாருக்கு முதலில் தேவையோ அவருக்கு நான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அதுவும் அந்த எண்ணை என் விஷயத்தில் நானே நம்பவில்லை. நம்பியிருந்தால் கிளினிக்குக்குப் போயிருக்க மாட்டேன். எனக்கு வரும்போது 'அந்த ஒருவன் நானாக இருந்தால்' என்று கணக்குப் போட்டேன். அவருக்கு வரும்போது 'மீதி எல்லாரும்' பக்கம் அவரைத் தள்ளிவிட்டேன். பொறியியலில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள், ஆபத்து என்பது வாய்ப்பும் விளைவும் பெருக்கியது என்று. யாருடைய வாய்ப்பு, யாருடைய விளைவு என்று பாடத்தில் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஏழை உள்ளூர்க்காரனுக்கு இல்லாத ஊசி வெளியூர்க்காரனுக்குக் கிடைக்கிறது என்று எழுத எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் சரவாக்கில் கதை அப்படி இல்லை. அங்கே 2001 முதல் ஜே.இ. ஊசி குழந்தைகளுக்கு இலவசம். இப்போதைய அட்டவணையில் 9 மாதத்திலும் 21 மாதத்திலும் போடுகிறார்கள். எங்களோடு வேலை செய்த இபான் பையன்களில் இருபது வயதுக்காரர்கள் பலருக்கு அது குழந்தையிலேயே முடிந்திருக்கும். தீபகற்பத்தில் பிறந்த எனக்கும் அண்ணனுக்கும்தான் அட்டவணையில் அது இல்லை. உள்ளூர்க்காரரை அரசாங்கம் கவனித்துக்கொண்டது. பயணியை அவன் கம்பெனி கவனித்துக்கொண்டது. அண்ணன் இரண்டு பேரிலும் சேர்த்தி இல்லை. விமானம் ஏறி, கடல் தாண்டி, பதினோரு மாதம் வேறோர் இடத்தில் தங்குகிற மனிதரை எந்தப் படிவமும் பயணி என்று எழுதுவதில்லை. அவர் 'மேன்பவர்'.

இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி போய் உட்கார்ந்தேன். சி.டி.சி. சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கு இந்த ஊசி ஒரு தடவை போட்டிருக்காங்க தம்பி" என்றார். 1999இல், புக்கிட் பெலாண்டோக்கில்.

இளவட்டங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலும் மயக்கமுமாக விழத் தொடங்கினார்கள். சில மாதிரிகளில் ஜே.இ. எதிர்ப்பொருள் தெரிந்ததால் ஜே.இ. என்றே முடிவு கட்டப்பட்டது. கொசுப் புகை அடித்தார்கள், பண்ணை ஆட்களுக்கு ஜே.இ. ஊசி போட்டார்கள். பேராக்கிலிருந்து விற்ற பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கு வந்து சேர்ந்தது. ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். ஜே.இ. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்கள் வளர்ந்த ஆண்கள், அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். பன்றிகளே தூரத்திலிருந்து கேட்கிற அளவுக்கு இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது. கொசுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

"ஊசி போட்டாச்சுன்னு சொன்னாங்க. சரின்னு மறுநாள் கொட்டகைக்குப் போய்ட்டோம்" என்றார் அண்ணன். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் திரும்பவில்லை. "பன்னி இருமுதுன்னு எங்களுக்குத் தெரியும். யாரு வந்து கேட்டா?"

ஊசி போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்த தகவலை வைத்து அவர்கள் செய்தது நியாயமானதுதான், தெரிந்தே ஏமாற்றவில்லை. ஆனால் அண்ணனின் பக்கத்திலிருந்து பார்த்தால் 1999இல் கிடைத்த ஊசியும், கொங்சியில் நான் கொடுத்த எண்ணும் ஒரே சாமான். இரண்டுமே 'பயப்படாமல் வேலைக்குப் போ' என்றன. ஊசி போட்டவர்கள் தெரியாமல் தவறினார்கள். நான் தெரிந்துகொள்ள முயலவில்லை, ஏனென்றால் அந்த எண் எனக்கு வசதியாக இருந்தது.

என் காசில் ஊசி போட்டு விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அறுபது பேர் இருக்கோம் தம்பி, எத்தன பேருக்குப் போடுவீங்க?" என்று தட்டைக் கழுவப் போய்விட்டார். எச்.ஆருக்கு ஈமெயில் எழுதினேன். காண்ட்ராக்ட்டின் வரம்பில் இது வராது, அந்தந்த முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அண்ணன் தன் மூன்று மாதத்தை முடித்துக் கூலாய்க்குத் திரும்பிவிட்டார். நல்லாத்தான் இருக்கிறார். போன தீபாவளிக்கு வாட்ஸாப்பில் வாழ்த்து வந்தது.

இந்த வருஷம் அதே ஆலையின் இரண்டாம் கட்டம். ஹைராக் படிவத்தை, அதாவது எங்கள் ஆபத்து மதிப்பீட்டுத் தாளை, எழுதும் வேலை என்னிடம் வந்தது. போன தடவை கொசு என்ற வரிக்கு எதிரே 'முழுக்கை சட்டை, கொசு விரட்டி, தடுப்பூசி (பயணம் செய்யும் அலுவலர்கள்)' என்று இருந்தது. அடைப்புக்குறியை எடுத்துவிட்டு 'ஒரு மாதத்துக்கு மேல் தங்கும் அனைவருக்கும்' என்று எழுதி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. அடைப்புக்குறி பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, கீழே 'தயாரித்தவர்' என்று என் பெயர். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். இன்று வியாழன்.