எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

அடுப்பு வேண்டாம், பால் வேண்டாம், முட்டை வேண்டாம். ஆனாலும் சீஸ்கேக் வேண்டும் என்றால் முடியுமா? முடியும் நண்பர்களே. செமினியில் நான் தங்கிப் படிக்கும் வாடகை வீட்டில் ஓவன் கிடையாது. ஒரு பிளெண்டரும் ஃபிரீசரும் போதும்.

இரண்டு கப் முந்திரிப் பருப்பை இரவே ஊறப் போட வேண்டும். ஒரு கப் பாதாமையும் ஒரு கப் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் கொரகொரவென்று அரைத்து, தட்டில் அழுத்தினால் அடித்தளம் ரெடி. ஊறின முந்திரியோடு கெட்டித் தேங்காய்ப் பால் அரை கப், தேங்காய் எண்ணெய் கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே, எலுமிச்சைச் சாறு, இனிப்புக்கு இன்னும் நாலு பேரீச்சம்பழம் சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்து மேலே ஊற்றி, ஐந்து மணி நேரம் ஃபிரீசரில் வைக்கணும். பிறகு மாம்பழம், டிராகன் பழம் அடுக்கலாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கேக்கைப் பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம ஊர் வெயிலில் வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். வெட்டினதும் சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓவனில் வைக்காத சீஸ்கேக் பலவற்றில் கெட்டிப்படுத்துவதற்கு ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஹலால் முத்திரை இருந்தால் அது பன்றியிலிருந்து வந்தது இல்லை என்று தெரியும். மாட்டிலிருந்து வந்ததா என்பதை அந்த முத்திரை சொல்லாது, சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. அது வேறொரு சமயத்தாரின் கேள்விக்கான பதில். நம்முடைய கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். சில சீஸ் வகைகளில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டும் சேரும். "நான் சைவம்" என்று சொல்லிக்கொண்டே இதையெல்லாம் சாப்பிடுகிறவர்கள் நம்மில் நிறைய பேர்.

இந்தக் கேக்கை எங்கள் சமய வகுப்புக்கு எடுத்துப் போனபோது இரண்டு கேள்விகள் வந்தன. ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, பால்கூட ஹிம்சைன்னா, தைப்பூசத்துக்கு எங்கம்மா எடுக்கிற பால்குடம்?" அவன் பக்கத்தில் இருந்த அக்கா சிரித்துக்கொண்டே, "பால் வேண்டாம், சரி. முந்திரி மட்டும் வானத்துலேருந்து விழுந்துச்சா?" என்றார். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

முதலில் பால். மாடு கன்று போட்டால்தான் பால். வணிகப் பண்ணையில் காளைக் கன்று பால் தராது என்பதால், அது பெரும்பாலும் இறைச்சிக்குத்தான் போகிறது. நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த மாடு வேறு. அதற்குப் பெயர் இருந்தது, கன்றுக்கு விட்டது போக மீதிதான் வீட்டுக்கு. இன்று நாம் வாங்கும் பெட்டிப் பாலின் மாட்டை நாம் பார்த்ததே இல்லை. பத்துமலைப் படியேறும் ஓர் அம்மாவின் பக்தியை இது ஒரு துளியும் குறைக்காது. அந்த அம்மாவிடம் போய் "நீங்க செய்றது ஹிம்சை" என்று சொல்வது எனக்கு ஒப்பாது. ஆனால் "இந்தப் பால் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு கோயில் நிர்வாகமோ இளைஞர் மன்றமோ கேட்டால், அது பக்திக்கு எதிரானது இல்லை. பசுவைத் தாய் என்று சொல்கிற நாம் கேட்காமல் யார் கேட்பது?

அடுத்து முந்திரி. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் எண்ணெய் ஒன்று இருக்கிறது. கொட்டையை வறுத்தோ ஆவியில் வைத்தோ பிறகு உடைக்கிறார்கள். அதனால் "பச்சை முந்திரி" என்று விற்பதுகூட பெரும்பாலும் சூடு பட்டதுதான். கேரளாவின் கொல்லத்திலும் தமிழ்நாட்டின் பண்ருட்டிப் பக்கமும் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கையுறை இல்லாவிட்டால் விரல் கறுத்து, தோல் உரியும். வியட்நாமில் போதைப் பழக்கத்துக்காக அடைத்து வைக்கப்பட்டவர்களை முந்திரி உடைக்கக் கட்டாயப்படுத்தினார்கள் என்று 2011இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆக, என் கேக்கில் மாட்டின் வலி இல்லை. ஆனால் ஒரு மனிதரின் வலி இருக்கலாம்.

பொறியியலில் வெப்ப இயக்கவியல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும் ஓர் எல்லைக் கோடு போட வேண்டும். எது உள்ளே, எது வெளியே என்று. கோட்டைச் சின்னதாகப் போட்டால் இழப்பெல்லாம் வெளியே போய்விடும், கணக்கு அழகாக வரும். ஆனால் இழப்பு மறைவதில்லை, நம் தாளில்தான் மறைகிறது. "இறைச்சி இல்லை, அதனால் சைவம்" என்பது ஒரு கோடு. "விலங்குப் பொருள் எதுவுமே இல்லை, அதனால் வீகன்" என்பது அதைவிடப் பெரிய கோடு. இரண்டுமே முந்திரி உடைக்கும் அந்த அக்காவின் கையை வெளியே விட்டுவிடுகின்றன.

நம் பெரியவர்கள் கோட்டை எங்கே போட்டார்கள்? திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய 25ஆம் அதிகாரம் அருளுடைமை. அந்த வரிசை தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். முதலில் அருள், அதிலிருந்து உணவு. வள்ளலார் புலாலை உறுதியாக மறுத்தவர். அவரே 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வந்தவருக்கெல்லாம் சோறு போட வழி செய்தார். உயிரைக் கொல்லாமல் இருப்பதும் மனிதரின் பசியைத் தீர்ப்பதும் அவருக்கு ஒரே ஜீவகாருண்யத்தின் இரண்டு பக்கங்கள். வடலூரும் முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டியும் இருப்பது ஒரே கடலூர் மாவட்டத்தில். வள்ளலாரின் கோட்டுக்குள் அந்தக் கையும் நிச்சயம் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு குரல் கேட்கும்: "எதைச் சாப்பிட்டாலும் ஏதோ ஒரு பாவம்தானே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" இது கேட்பதற்கு ஞானம் மாதிரி இருக்கும், உண்மையில் சோம்பல். நூறு சதவீதம் திறனுள்ள வெப்ப எந்திரம் எதுவும் கிடையாது. அதற்காக எந்தப் பொறியாளரும் இழப்பைக் குறைக்கும் வேலையை விட்டுவிடுவதில்லை. அதே மாதிரி, "என் எந்திரத்தில் இழப்பே இல்லை" என்று மார்தட்டுபவரையும் யாரும் நம்புவதில்லை. அஹிம்சை சுவரில் மாட்டும் சான்றிதழ் இல்லை. நடந்துகொண்டே இருக்க வேண்டிய திசை. அதை வைத்து அடுத்தவர் தட்டுக்கு மார்க் போட ஆரம்பித்தால், சாப்பாட்டு மேசையிலேயே ஒரு சின்ன ஹிம்சை தொடங்கிவிடும்.

அதனால் நான் செய்வது இவ்வளவுதான். முந்திரியைப் பாதியாக்கி, மீதிக்கு இங்கே விளையும் தேங்காயின் வழுக்கையையும் வாழைப்பழத்தையும் சேர்க்கிறேன். ருசி கொஞ்சம் மாறும், மோசமாகாது. முந்திரி வாங்கும்போது எந்த நாட்டுச் சரக்கு என்று பார்க்கிறேன், தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேட்கிறேன். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். நாலு பேர் கேட்டால் அவரும் மொத்த வியாபாரியைக் கேட்பார்.

உங்கள் மன்றத்தின் அடுத்த முகாமுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போடும்போது, "சைவமா?" என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை உண்டாக்கியதில் யாருக்கு வலி? அந்த வலியைக் குறைக்க இன்றைக்கு நம்மால் முடிந்தது என்ன? எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்காது. கிடைத்த பதில் ஒன்றுக்காவது பட்டியலில் ஒரு வரியை மாற்றுங்கள்.