எண்ணிக்கை சாட்சியாகுமா?

பள்ளி மாணவன் ஒருவன் கட்டுரை எழுதுவதற்காக இணையத்தை நாடுகிறான். ஒரு கோயிலின் வரலாற்றைத் தேடுகிறான். நொடிப்பொழுதில் பத்துப் பக்கங்கள் விரிகின்றன. பத்தும் ஒரே செய்தியைக் கூறுகின்றன. ‘பத்து இடங்களில் உள்ளது பொய்யாகுமா?’ என்று எண்ணி, அதை அப்படியே எடுத்தெழுதுகிறான். அவன் செய்தது தவறா? தவறெனில் அது அறிவின் குறையா, ஒழுக்கத்தின் குறையா?

இதற்கு விடை காண, கணினி இல்லாத காலத்துப் புனே நகரைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அங்கே 1917-ஆம் ஆண்டு பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை உருவாக்கும் பெரும்பணியை அது மேற்கொண்டது. 1925 முதல், 1943-இல் மறையும்வரை, வி.எஸ். சுக்தாங்கர் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தார். 1,259 சுவடிகள் ஆராயப்பட்டன. நமது தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் சுவடிகளை ஒப்பிடும் பணி நடந்தது. 19 தொகுதிகள் கொண்ட பதிப்பு 1966-இல்தான் நிறைவெய்தியது.

அந்த அறிஞர்கள் சுவடிகளின் தலைகளை எண்ணவில்லை. ஒரே மூலத்தைப் பார்த்து நூறு பேர் எழுதிய நூறு பிரதிகளும் ஒரு சாட்சிக்கே சமம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காஷ்மீரத்தின் சாரதா எழுத்துச் சுவடியும், வெகுதொலைவில் கேரளத்தில் எழுதப்பட்ட சுவடியும் ஒரு பாடத்தில் ஒத்துப்போனால், ஒன்றையொன்று பார்த்து எழுதாத அவ்விரு சாட்சிகளுக்கு மதிப்பு மிகுதி. வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய நிகழ்ச்சி நம் உள்ளங்களில் ஊறிப்போன ஒன்று. ஆயினும் முக்கியமான பழஞ்சுவடிகளில் அது காணப்படாமையால், அதை மூலத்தில் சேர்க்காமல் பிற்சேர்க்கையில் வைத்தார்கள். பக்தியின் பொருட்டு உண்மையை வளைக்கவில்லை. உண்மையின் பெயரால் அந்நிகழ்ச்சியை அழித்துவிடவும் இல்லை. ஏற்காத பாடங்களையும் அடிக்குறிப்பில் காட்டி, வாசகர் தாமே சீர்தூக்கிப் பார்க்க வழிவிட்டார்கள்.

இன்றைய மாணவனுக்குத் தேவையானதும் இந்த விவேகமே. தேடத் தொடங்குமுன், ‘நான் அறிய விரும்புவது என்ன?’ என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளட்டும். கண்ட பக்கத்தை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதிலிருந்து எடுத்தார் என்று கேட்கட்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடங்களிலாவது ஒத்துப் பார்க்கட்டும். இந்திய தேசிய மின்னூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற பொறுப்புள்ள நிறுவனங்களின் நூலகங்களில் முதலில் தேடுவது நன்று. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விடையைக் கோவையாக அமைத்தே தந்துவிடுகின்றன; சில வேளை இல்லாத நூலையும் இருப்பதாகக் கூறிவிடுகின்றன. ஆகவே அவை காட்டும் மூலத்தையும் திறந்து பார்த்தல் வேண்டும். பின்னர்ப் பக்கத்தை மூடிவிட்டுத் தன் சொற்களில் எழுதி, எங்கிருந்து பெற்றான் என்பதையும் குறிக்க வேண்டும். பிறர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டுவது, ஆசிரியர் கண்டுபிடிக்காவிட்டாலும் களவே.

பாதுகாப்புக்கும் இதே அளவுகோல்தான். ‘நானும் உன் வயது மாணவன்’ என்று முன்பின் அறியாத ஒருவர் இணையத்தில் கூறினால், அதற்குச் சாட்சி அவர் ஒருவரே. அத்தகையவரிடம் பெயர், பள்ளி, முகவரி, கடவுச்சொல், புகைப்படம் எதையும் தரலாகாது. அச்சுறுத்தல் வந்தால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான எண் 1930 ஆகியவற்றைப் பெற்றோரும் அறிந்திருப்பது நலம். ஆனால் ஏச்சுக்கு அஞ்சும் குழந்தை எதையும் மறைத்துவிடும். அது துணிந்து சொல்ல வரும்போது கோபமின்றிக் கேட்கும் செவியே முதற்காவல்.

இப்போது நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். மகான்கள் கூறியதாகக் காலையில் கைப்பேசிக்கு வரும் பொன்மொழிகளை, அவை எந்த நூலில் உள்ளன என்று பாராமலே நாம் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறோம்! நல்ல கருத்துத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அவர் சொல்லாததை அவர் வாயில் இடுவது, அவருக்குச் செய்யும் மரியாதையாகுமா? நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ‘பிடித்திருந்தால் போதும், மெய்யா என்று பார்க்க வேண்டியதில்லை’ என்ற பாடத்தையே கற்கிறது.

ஆகவே சோதித்து ஏற்பது அறிவின் திறமை மட்டுமன்று. அது சத்தியத்தின் ஓர் அங்கம். மாணவன் அறியாமல் எடுத்தெழுதினால் அது திருத்தத்தக்க பிழை. ஐயம் எழுந்த பின்னும் பாராமல் எழுதினால் அது ஒழுக்கக் குறை. அந்த ஐயத்தை அவனுள் எழுப்புவது பெரியவர்களாகிய நம் கடமை. நாளைக் காலை வரும் பொன்மொழியிலிருந்தே அதைத் தொடங்கலாம். பிள்ளையை அருகில் அழைத்து, ‘இதை அவர் எங்கே கூறியிருக்கிறார்? சேர்ந்து தேடுவோமா?’ என்று கேட்போம்.