இரும்பு உடம்பு

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சின்ன கிளினிக். எனக்கு முதுகில் பிடிப்பு. வலி ஒரு ஸ்பூன் என்றால் என் கற்பனை ஒரு குடம். 'டிஸ்க் விலகியிருக்கும், ஆபரேஷன்தான், அப்புறம் படுத்த படுக்கை...' முனகல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

பக்கத்தில் ஒரு பீகார் பையன். எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் விரல் நசுங்கி, துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தான். சத்தமே இல்லை. நர்சம்மா என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "இந்தப் பசங்க தாங்குவாங்க சார். இரும்பு உடம்பு."

நானும் எழுந்து போனேன். அதையும் சொல்லிவிடவேண்டும், இல்லையா?

என் மாதிரி ஆசாமிகளை அளக்க 1995-ல் கனடாவில் மைக்கேல் சல்லிவனும் சகாக்களும் 13 கேள்விகள் தயாரித்தார்கள். வலியையே நினைத்துக்கொண்டிருப்பது, ஊதிப் பெரிதாக்குவது, 'என்னால ஒண்ணும் பண்ண முடியாது' என்று கையை விரிப்பது. இவை கூடினால் வலியும் கூடுகிறது.

சரி, இதில் இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டா? 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்திய, அமெரிக்க மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கை வைக்கச் சொன்னார்கள். நம்மவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். வலியை வெளியே காட்டினால் தப்பில்லை என்று நினைத்தவர்கள்தான் சீக்கிரம் கையை எடுத்தார்களாம். ஆக, வித்தியாசம் தோலில் இல்லை. 'அழாதே, நாலு பேர் பார்க்கிறாங்க' என்று சின்ன வயதில் வாங்கிய அதட்டலில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் 'அவன் கத்தவில்லை' என்பதிலிருந்து 'அவனுக்கு வலிக்கவில்லை'க்கு ஒரே தாவலில் போய்விடுகிறோம். ஆவடியில் வீடு கட்டும்போது, வெறுங்காலோடு கம்பி வளைக்கிறவரைப் பார்த்து நீங்களும் சொல்லியிருப்பீர்கள், 'அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்' என்று. படித்தவர்களும் தப்பவில்லை. 2016-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளைக்கார மருத்துவ மாணவர்கள், பயிற்சி டாக்டர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், 'கறுப்பர்களுக்குத் தோல் தடிமன்' என்பது போன்ற ஒரு பொய்யையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சையிலும் தவறினார்கள்.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பையன் அப்படியே உட்கார்ந்திருந்தான். துணி முழுக்கச் சிவந்திருந்தது.

"ரொம்ப வலிக்குதா தம்பி?"

"ஒண்ணுமில்லைண்ணா" என்றான், சுமாரான தமிழில். "நாளைக்கு டூட்டி போகணும். போகலேன்னா வேற ஆள் வந்துடுவான்."

என்னைக் கத்தவைத்த அதே பயம்தான் அவன் வாயைக் கட்டியிருக்கிறது. என் பயத்துக்காவது ஆதாரம் கிடையாது.

திரும்பிப் போய் டாக்டர் ரூம் கதவைத் தட்டினேன்.