ஒரே மழை

பாம்பனில் ஓராண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். பெங்களூரில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபிறகு, பாக் நீரிணையில் இருக்கும் கச்சத்தீவை மழை மறந்த இடம் என்று நினைக்க முடியவில்லை. பாம்பனை நனைக்கும் மேகம்தான் அதையும் நனைக்கிறது. பெங்களூர் மர்பி டவுன் வீட்டுக் கூரைகளில் விழுவதைவிட அங்கே விழுவது பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனாலும் அங்கே குடி இல்லை. குடிக்கத் தண்ணீரும் இல்லை.

*

தீவின் பரப்பு 285 ஏக்கர் என்பார்கள். நீளம் 1.6 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர் என்றும் அதே செய்தியில் போடுவார்கள். பெருக்கிப் பார்த்தால் 120 ஏக்கர்கூட வராது. நான் ஏக்கர் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

பதினான்காம் நூற்றாண்டில் எரிமலை வெடித்து எழுந்த தீவு என்ற கதையும் கூடவே வரும். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாடும் அதன் தீவுகளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கடலுயிர்களின் ஓடும் பவளமும் படிந்து படிந்து இறுகிய பாறை. வெடிப்புக் கதைக்கு விறுவிறுப்பு உண்டு. எனக்கு இந்த மெதுவான படிவுதான் பிடித்திருக்கிறது.

*

சிறிய தீவில் விழும் மழை மண்ணுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் நிலத்தடியில் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நின்றால், கீழே நாற்பது சாண் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். நெதர்லாந்தின் கைபெனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு இது. கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே அந்த ஒரு சாண் நிற்க வேண்டுமே! நிலம் குறுகலாக இருந்தால், இறங்கிய நீருக்குக் கரை எந்தப் பக்கமும் அருகிலேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் வேறு ஓட்டை விழுந்த பாறை. பெய்தது கடலுக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகாது. நாம் கிணறு வெட்டி ஒரு சாண் இறைத்தால், அடியிலிருந்து உப்பு நாற்பது சாண் ஏறி வரும்.

அருகிலுள்ள நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். அங்கே கிணறு உண்டு, ஊர் உண்டு, மேய்ச்சலில் திரியும் குதிரைகளும் உண்டு. வானம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

*

மழை வரும் விதமும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூருக்கு மே மாதக் கோடை மழையில் தொடங்கி அக்டோபர் வரை பங்கு பிரித்துக் கிடைக்கும். பாக் நீரிணைப் பக்கம் பெரும்பங்கும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் முடிந்துவிடும், வாடைக் காற்றோடு. பிறகு வருவது சோளகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீரை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று. மே முதல் செப்டம்பர் வரை அது தீவின் மேல் வீசி, இருக்கிற ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும்.

இதற்குள்ளும் விளைந்தது ஒன்று உண்டு. கச்சத்தீவை இராமநாதபுரம் ஜமீன் குத்தகைக்கு விட்டிருந்தபோது அங்கே சாயவேர் எடுத்தார்கள். துணிக்குச் சிவப்பேற்றும் அந்தச் செடிக்கு வறண்ட மணல் போதும்.

*

பெங்களூரின் அல்சூர் ஏரியிலும் ஆளில்லாத திட்டுகள் உண்டு. மரங்கள் நெருங்கி நிற்கின்றன. சுற்றியிருப்பது நன்னீர் என்பதால் வேருக்குக் கவலையில்லை. ஏரி மனிதர் கட்டியது. கடினப் பாறைமேல் அணைபோட்டு மழையைத் தடுத்து நிறுத்தினால்தான் இந்த மேட்டுநிலத்தில் தண்ணீர் தங்கும். அதுவும் போதாமல் காவிரியை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது நகரம் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தது. நம் ஊரில் மனிதர் வாழலாம் என்பதை மழைமானி சொல்லவில்லை, மோட்டார் சொல்கிறது.

*

கச்சத்தீவில் அந்தோணியார் கோயில் இருக்கிறது. 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தம் தீவை இலங்கைப் பக்கம் வைத்தது. அதன் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் வந்துபோக இடம் கொடுத்தது. இராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஜனங்கள் திருவிழாவுக்கு வருகிறார்கள்.

அந்தோணியாரின் திருநாள் ஜூன் 13. பெங்களூரில் அன்றுதான் கொண்டாடுகிறார்கள். கச்சத்தீவில் மட்டும் பிப்ரவரி, மார்ச்சில். தவக்காலத்தை ஒட்டி என்று சொல்லலாம். காற்றும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஜூனில் சோளகம் பலத்து வீசும், படகில் குழந்தை குட்டியோடு போக முடியாது. மாசியில் வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில் கடல் அடங்கியிருக்கிறது. ஆனால் மழை நின்றும் இரண்டு மாதம் ஆகியிருக்கும். அதனால் பூசைக்குப் போகிறவர்கள் குடிதண்ணீரையும் படகில் ஏற்றிக்கொள்கிறார்கள்.